வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் ஊழியருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் கம்பெனியில் 120 பேர். தெரிந்தவரைச் சேர்த்துவிட்டால், அவர் ஆறு மாதம் தாண்டியதும் 10,000 ரூபாய் என்று அறிவித்தோம். நான்கு பெயர்கூட வரவில்லை. தொகையை ஏற்றலாமா, குலுக்கலில் பைக் வைக்கலாமா?

பதில்: தொகையை ஏற்றாதீர்கள். பைக்கும் வேண்டாம், அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

புதுச்சேரியில் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக எச்.ஆர். வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். நாங்களும் இதே மாதிரி ஆறு மாதக் கணக்கு வைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம், ஒரு ஃபிட்டர் அதைப் படித்துவிட்டு, "ஆறு மாசமா? அதுக்குள்ள நீங்களே இருக்க மாட்டீங்க மேடம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போன இன்சென்டிவே இரண்டு பேருக்கு வராமல் கிடந்தது.

அப்புறம் ஒரு வாரம் ஸ்கூட்டியை விட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸிலேயே போனேன். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக ஏறுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது என்னவென்றால், யாருக்கும் பணம் பிரச்சினையே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சும்மா இருக்கிறான், நம் ஊழியர் அவன் பயோடேட்டாவை வாங்கி எங்களிடம் கொடுக்கிறார், நாங்கள் இரண்டு மாதம் வாயே திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அந்தப் பையனின் அம்மா "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டால் இவர் என்ன சொல்வார்? சரி, பையன் சேர்ந்தும்விட்டான் என்றே வையுங்கள், அவன் சொல்லாமல் லீவு போட்ட அன்றைக்கு சூப்பர்வைசர் இவரிடம் வந்து "உன் ஆள் எங்கய்யா?" என்கிறார். இந்தத் தலைவலிக்கு 10,000 எல்லாம் ஒரு காசா?

அதனால் முதலில் பரிசைத் தொடவில்லை. பெயர் கொடுத்த மூன்று நாளில், எடுக்கிறோமோ இல்லையோ, கொடுத்தவருக்கும் பையனுக்கும் நானே போன் செய்துவிடுவது என்று வைத்தேன். சேர்ந்த ஆளின் லீவு, சண்டை எதற்கும் சேர்த்துவிட்டவரைக் கூப்பிடக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் சொல்லியாகிவிட்டது. தொகையை 5,000 ஆகக் குறைத்தோம், ஆமாம், குறைத்தோம். புது ஆளின் முதல் சம்பளத்தன்று 2,000, மூன்று மாதம் முடிந்ததும் 3,000. முதல் 2,000 ஒருவர் கணக்கில் ஏறிய செய்தி பஸ்ஸில் பரவிய பிறகுதான் பெயர்கள் வர ஆரம்பித்தன. இந்தப் பணம் சம்பளத்தோடு சேர்ந்துதான் வருமான வரிக்குக் கணக்காகும், அதனால் வரி கட்டுகிற இன்ஜினியர்களிடம் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து. முதலாளி முனகினால் ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்காரர்கள் கட்டணமாகக் கேட்கும் 8.33 சதவீதத்தைக் காட்டுங்கள். வருடச் சம்பளத்தில் அது சரியாக ஒரு மாதச் சம்பளம், 18,000 ரூபாய் ஆளுக்கு 18,000.

பணம் வேண்டாம் என்பவர்களுக்குப் பொருளும் வைத்தோம். குக்கர், மிக்சி இரண்டும் போகும், ஆனால் நான் எதிர்பார்க்காதது லீவு. அந்த 3,000க்குப் பதிலாகச் சம்பளத்தோடு இரண்டு நாள், எந்த நாள் என்று அவரே சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது என்றதும் இளவட்டங்கள் எல்லாம் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் ஒரு கிராம் தங்கக் காசு கேட்டார்கள். ஒரு வருடம் கொடுத்தோம், அதற்குள் தங்கம் எங்கள் பட்ஜெட்டைத் தாண்டி ஓடிவிட்டது, நிறுத்திவிட்டோம்.

கேண்டீன் அக்கா, செக்யூரிட்டி, பஸ் டிரைவர் எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்தத் தெருவில் எந்தப் பையன் டிப்ளமோ முடித்தான் என்பது உங்கள் மேனேஜரைவிட டிரைவருக்கு நன்றாகத் தெரியும். மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் மட்டும் இந்தப் பரிசு கிடையாது, ஆளைத் தேர்வு செய்கிறவரே பரிசும் வாங்கினால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

ஒன்றில் மட்டும் கண் வையுங்கள். எங்களிடம் ஒருவர் கம்பெனிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வேலை வாங்கித் தருகிறேன் என்று பையன்களிடமும் தலைக்கு 5,000 வாங்கியிருந்தார். அதிலிருந்து, சேருகிற நாளன்று பையனைத் தனியாக உட்காரவைத்து யாருக்காவது பணம் கொடுத்தாயா என்று கேட்டுவிடுகிறேன். அப்புறம் ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்துவிடுவதும் உண்டு. வீராம்பட்டினம் தேர் அன்று ஒரு லைனே காலியாகக் கிடந்த பிறகு, ஒருவருக்கு வருடத்துக்கு மூன்று பேர்தான் என்று வரம்பு வைத்தேன்.

சரி, குலுக்கல். நாங்கள் பைக் வைக்கவில்லை, ஃப்ரிட்ஜ் வைத்தோம். ஏழு பேரைச் சேர்த்துவிட்ட ஒரு வெல்டர் இருந்தார், எல்லோரும் அவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்க, சீட்டு விழுந்தது ஸ்டோர்ஸ் சூப்பர்வைசருக்கு. அவர் சேர்த்துவிட்டது ஒரே ஆள், அதுவும் சொந்த மச்சான். அதற்கப்புறம் அந்த வெல்டர் ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் கேண்டீனில் அந்த ஃப்ரிட்ஜ் பேச்சு வந்தால் நான் டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.