'கல்' எந்த நாட்டவர்?

கேள்வி: அயர்லாந்தின் வைகிங் கால வரலாற்றைத் தமிழில் எழுதி வருகிறேன். கேலிக் மொழியில் 'ஃபின்கல்' என்றால் வெள்ளை அந்நியர், அதாவது நார்வேக்காரர். 'டுவ்கல்' என்றால் கறுப்பு அந்நியர், அதாவது டென்மார்க்காரர். 'லொக்லனக்' என்பவரும் நார்வேக்காரரே என்று படித்தேன். இவை தலைமுடியின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்களாம். மூன்றுக்கும் நாட்டுப் பெயரையே போட்டு எழுதிவிடலாமா?

பதில்: கூடாது. நீங்கள் படித்தது பழைய நூல்களில் வேரூன்றிய விளக்கம்தான். ஆனால் அந்தச் சொற்கள் முதலில் எழுதப்பட்ட இடத்தில் அதற்கு ஆதாரம் இல்லை.

'ஃபின்கல்', 'டுவ்கல்' இரண்டிலும் உள்ள 'கல்' என்ற சொல் தொடக்கத்தில் கால் நாட்டவரை, அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்தவர்களைக் குறித்தது; பிறகு அந்நியர் என்ற பொதுப்பொருளுக்கு வந்தது. வைகிங் காலத்தில் அது கடல் கடந்து வந்த ஸ்காண்டிநேவியரைக் குறித்தது, 12ஆம் நூற்றாண்டுக்குப் பின் அயர்லாந்தில் ஆங்கிலேயரைக் குறித்தது, ஸ்காட்லாந்தில் கேலிக் பேசாத தாழ்நிலத்தாரைக் குறித்தது. இப்படி ஆள் மாறிக்கொண்டே வந்த ஒரு சொல்லின் மேல் ஒரு நாட்டின் பெயரை ஒட்டினால், அடுத்த நூற்றாண்டுக்கு வரும்போது உங்கள் மொழிபெயர்ப்பு தடுமாறும்.

இனி நிறத்துக்கு வருவோம். ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளைப் பதிந்த ஐரிஷ் நூலான அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் 851இல், கறுப்புப் புறச்சமயத்தார் (கிறித்தவரல்லாத வைகிங்குகள்) டப்ளினுக்கு வந்து 'ஃபின்கல்' கூட்டத்தைப் பெருமளவில் வெட்டிச் சாய்த்ததாகச் சொல்கின்றன. மறு ஆண்டே வெள்ளைப் புறச்சமயத்தார் 160 கப்பல்களில் திரும்பி வந்து மோதித் தோற்றார்கள். முடியைப் பற்றியோ நார்வே, டென்மார்க் பற்றியோ இந்தப் பதிவுகளில் ஒரு சொல்கூட இல்லை. அன்றைக்கு நார்வே ஒரே அரசாகத் திரளவும் இல்லை. 1970களில் ஆல்ஃப்ரெட் ஸ்மித் என்ற வரலாற்றாசிரியர், 'ஃபின்' முன்பே வந்து தங்கியவர்களையும் 'டுவ்' புதிதாக வந்த கூட்டத்தையும் குறிக்கிறது என்று வாதிட்டார். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. இலக்கணமும் அதற்கு இடம் தருகிறது. கேலிக்கில் பெயரடை வழக்கமாகப் பெயருக்குப் பின்னால்தான் வரும். இங்கே அது முன்னால் வந்து பெயரோடு ஒட்டி, தொகைச்சொல்லாகி, ஒரு கூட்டத்தின் வகைப்பெயராக நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் முன்பே குடியேறிய ஆங்கிலேயரைப் பழைய 'கல்' என்றும் பின்னால் வந்தவர்களைப் புதிய 'கல்' என்றும் இதே அமைப்பில் பிரித்துச் சொன்னார்கள்.

தொகைச்சொல்லில் எது தலைச்சொல் என்பதையும் கவனியுங்கள். அதே காலக் குறிப்புகளில் வரும் 'கல்-கோய்தில்' என்ற கூட்டத்தின் பெயரில் தலைச்சொல் பின்னால் உள்ள 'கோய்தில்', அதாவது கேலிக் பேசும் கேலியர். எனவே அவர்கள் அந்நியத்தன்மை ஏறிய கேலியரே தவிர, கேலியராக மாறிய அந்நியர் என்று சொல்லின் அமைப்பு கூறவில்லை. 856இல் இவர்கள் அயர்லாந்து மன்னர் மெய்ல் செக்னலின் பக்கம் நின்று புறச்சமயத்தாரை எதிர்த்துப் போரிட்டதாகக் குறிப்பு இருக்கிறது. இவர்களையும் நார்வேக்காரர் என்று எழுதினால் போரின் பக்கமே மாறிவிடும்.

வேற்றுமை உருபைக் கவனிக்காமல் விடுவதால் வரும் பிழைகள் இன்னொரு வகை. ஸ்காட்லாந்தின் வடகோடியான கெய்த்னஸுக்குக் கேலிக்கில் 'கல்லிவ்' என்று பெயர். அது வேறொரு இனத்தின் பெயர் அன்று. 'கல்' என்பதன் பன்மை, பழைய வேற்றுமை உருபோடு, 'அந்நியரிடையே' என்ற பொருளில் இடப்பெயராக உறைந்துவிட்டது. ஹெப்ரிடீஸ் தீவுகளின் பெயரான 'இன்ஷ கல்' என்பதில் உள்ள 'கல்' ஒருமைபோலத் தெரியும். உண்மையில் அது உடைமைப் பொருளில் வரும் பன்மை, ஆகவே 'அந்நியர்களின் தீவுகள்'. டொனிகால் என்று நாம் எழுதும் ஊர் ஐரிஷில் 'டூன் ந ஙல்', அந்நியர்களின் கோட்டை. உடைமைப் பன்மையில் வரும் 'ந' என்ற சுட்டிடைச்சொல் அடுத்த சொல்லின் முதல் மெய்யை மூக்கொலியாக்குவதால் 'க' அங்கே 'ங' ஆகிறது. நம் மொழியில் சொல்லுக்கு முதலில் வருவதே அரிதான 'ங' அங்கே இலக்கண விதியால் முதலில் நிற்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

'லொக்லனக்' என்பது 'லொக்லன்' என்ற நாட்டுப் பெயரோடு '-அக்' விகுதி சேர்ந்தது. 'லொக்' என்றால் ஏரி, ஆகவே ஏரிநாடு என்ற விளக்கத்தையும் எங்காவது படித்திருப்பீர்கள், அதை விட்டுவிடுங்கள். 848, 853 ஆண்டுகளின் பதிவுகளில் பெயர் 'லைத்லிந்த்' என்றுதான் இருக்கிறது. அது நார்வேயா, ஸ்காட்லாந்தில் வைகிங்குகள் பிடித்துவைத்திருந்த பகுதியா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. 1103இல் அல்ஸ்டரில் கொல்லப்பட்ட மக்னஸை லொக்லனின் மன்னர் என்று குறிக்கும்போது அது ஐயமின்றி நார்வே. இன்றைய ஐரிஷிலோ 'லொக்லனக்' வைகிங்கைக் குறிக்கிறது. நார்வேக்காரருக்கு 'இருவக்', சுவீடன்காரருக்கு 'சூலனக்' என்று தனிச்சொற்கள் உள்ளன.

ஆகவே 9ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுதும் இடங்களில் 'ஃபின்கல்', 'டுவ்கல்', 'லைத்லிந்த்' ஆகியவற்றை அப்படியே வைத்து, முதல் இடத்தில் மட்டும் விளக்கம் தாருங்கள். நார்வே என்ற பெயரை மக்னஸ் காலத்துக்கு வரும்போது எழுதுங்கள்.