மச்சில் கிடந்த கோடாலி

கேள்வி: தாத்தா வீட்டைப் பிரித்தபோது மச்சில் காம்பில்லாத கைக்கோடாலி ஒன்று கிடைத்தது. முக்கால் கிலோ இருக்கும். காந்தம் ஒட்டுகிறது, முத்திரை எதுவும் இல்லை. பின்மண்டை அடிபட்டுக் காளான் மாதிரி விரிந்திருக்கிறது. துருவுக்கு நடுவே நீளவாக்கில் வரிகள். பழைய இரும்புக்கடைக்காரர் வார்ப்பிரும்பு என்கிறார். மைத்துனரோ ஆதிச்சநல்லூர் காலத்துச் சாமான் என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் இல்லை. பாதி விடையை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது.

வார்ப்பிரும்பை ஓங்கி அடித்தால் சில்லு பெயருமே தவிர, காளானாக மடியாது. உங்களுடையது அடித்து உருவாக்கிய தேனிரும்பு, அதாவது அடித்தால் வளைந்து கொடுக்கிற மென்மையான இரும்பு. பனங்கையில் ஓடுகிற வரி போலத் தெரிகிறதே, அது இரும்புக்குள் சிக்கிய கிட்டம், அதாவது உலைக் கசடு. பழைய உலையில் இரும்பு முழுக்க உருகாது. தங்கிப்போன கிட்டம், சம்மட்டி அடியில் நார் நாராக நீண்டுவிடும். துரு தின்னத் தின்ன அது வெளியே தெரியும்.

மைத்துனர் கோபிக்க வேண்டாம். அவர் சொல்கிற அந்தப் பழைய இரும்புக் காலத்து, அதாவது பெருங்கற்காலத்துத் தென்னாட்டுக் கோடாலிகள் பெரும்பாலும் தட்டையானவை. காம்பு செருகத் துளையே இருக்காது, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுக் காம்போடு இறுக்கியிருப்பார்கள். உங்களுடையதில் துளை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டையை மடித்து ஒட்டிய கோடு தெரிந்தால் கொல்லுப்பட்டறை வேலை. உள்ளே வழுவழுப்பாக இருந்து, வெளிப்பக்கத்தில் அச்சு சேர்ந்த விளிம்பைச் சீவிய தடம் ஓடினால் ஆலையில் அடித்தது.

எங்கள் அப்பா சேரன்மகாதேவிப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர். இரும்புப் பட்டையை வளைத்துத் துளை விடுவார். இரண்டு முனைக்கும் நடுவில், வெற்றிலைக்குள் பாக்கு வைப்பது மாதிரி, உருக்குத் துண்டு ஒன்றைச் செருகுவார். வெண்காரம் தூவி, உலையில் பொறி பூப்பூவாகச் சிதறுகிற பதத்தில் எடுத்து அடித்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். உருக்கு விலை கூடின சாமான், அதனால் வெட்டுவாய்க்கு மட்டும்தான். இப்போது லாரி ஸ்பிரிங் பட்டையிலேயே முழுசாக அடித்துவிடுகிறார்கள்.

உங்களுடையதிலும் உருக்கு இருக்கிறதா என்று பார்க்க, வாய்ப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குங்கள். எலுமிச்சைச் சாறு தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். உருக்கு கறுக்கும், இரும்பு வெளுப்பாக நிற்கும், நடுவில் ஒரு கோடு விழும். அரம் போட்டும் பார்க்கலாம். வெட்டுவாயில் வழுக்கும், மண்டையில் கடிக்கும். ஆனால் அந்தக் கோட்டை வைத்து வருஷம் சொல்ல முடியாது. என் அப்பா காலம் வரைக்கும் இதே வேலைதான். பார்த்து முடித்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

கிரைண்டரில் பொறி பார்த்தும் சொல்லலாம்: தேனிரும்பில் நீளக் கோடாகப் போகும், உருக்கில் மத்தாப்பு மாதிரி கிளைத்து வெடிக்கும். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். இருபது வயசில் அப்பாவின் கோடாலியைத் தீட்டித் தருகிறேன் என்று கிரைண்டரில் பிடித்தேன். வாயில் நீலம் பாய்ந்து, தோய்ச்சல் (காய்ச்சி முக்கி ஏற்றிய கடினம்) போய், மறுநாள் உடைமரத்தில் வெட்டினால் மடங்குகிறது. அப்பா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

கறுத்த பட்டை எத்தனை விரல் மிச்சம் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். ஒரு விரலுக்குக் குறைவில்லை என்றால், காம்பு போட்டு இன்னும் விறகு பிளக்கலாம்.