ஆண்டு ஒன்றுக்கு இரண்டு லட்ச ரூபாய்ப் பாடத்திட்டம் எதற்கு?

"மிஸ், மூன்றையும் பார்த்துவிட்டோம். எதை ஓடர் பண்ணுவது என்று மட்டும் சொல்லுங்கள்." வெள்ளவத்தையிலிருந்து வந்த அந்தத் தாய் கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்றுமே அமெரிக்க வீட்டுக்கல்விப் பெட்டிகள். ஒரு வருடத்துக்கான பாடநூல்கள், பயிற்சிக் கொப்பிகள், எந்த நாளில் எந்த வசனத்தைச் சொல்ல வேண்டும் என்பதுவரை எழுதிவைத்த கையேடு. அவர் மனதில் வைத்திருந்த பெட்டி 700 டொலர். தெரிவு செய்தவர் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அவருடைய அக்கா.

மகனுக்கு ஆறு வயது. ஜனவரியில் ஆண்டு 1 இல் சேர்த்திருக்கிறார்கள். வீஸிங் விடவில்லை. கிழமைக்கு இரண்டு நாள்கூட ஒழுங்காக வகுப்பில் இருக்கவில்லை. இந்த வருடம் வீட்டில் வைத்திருங்கள் என்று வைத்தியர் கடிதம் கொடுத்துவிட்டார். பிள்ளையைப் பார்க்கத் தாய் வங்கி வேலையை விட்டுவிட்டார். கணக்காளரான தகப்பன் அதிகம் பேசவில்லை. இரண்டு பேருமே சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது.

ஒரு வருடம் வகுப்பில் இருக்காததால் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றும் பின்தங்கிப்போகாது என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். அது உண்மையும்கூட. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் இவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கிவிடுவார்கள். அதனால் வெளிப்படையாகவே சொன்னேன்: வாங்காதீர்கள். மூன்றில் எதையும்.

முதலில் காசு. டொலரை 300 ரூபாய்க்கு வைத்தாலே இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். கப்பல் செலவு, சுங்கத் தீர்வை இரண்டும் தனி. ஒரு சம்பளம் நின்றுபோன வீட்டில் இது சின்னத் தொகை அல்ல. அதுவும் ஒரு முறையோடு முடிவதில்லை. அந்த வரிசையில் போகும் பிள்ளைக்கு அடுத்த வருடம் ஆண்டு 2 பெட்டி, அதற்கடுத்த வருடம் ஆண்டு 3 பெட்டி. "அக்கா பாதி தருவதாகச் சொல்கிறார்" என்றார் தாய். பாதியை அவர் தந்தால் பாடத்திட்டத்தை மாற்றும் உரிமையும் பாதி அவரிடம் போய்விடும். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ அழைப்பில் "எத்தனையாவது பாடம்?" என்று விசாரணை நடக்கும். இப்படிப்பட்ட குடும்பங்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்தது, அந்தப் பெட்டிக்குள் இருப்பது. அமெரிக்கப் பிள்ளைக்கு அது நல்ல பொருளாகவே இருக்கலாம். நம் பிள்ளையோ அதில் அங்குலத்தில் அளப்பான், அடியில் உயரம் பார்ப்பான், கால், அரை டொலர் நாணயங்களைக் கூட்டுவான், பனி பெய்யும் மாதத்துக்குப் படம் கீறுவான். நம் கடைக்குப் போனால் பத்து ரூபாய்க் குற்றியையும் இருபது ரூபாய்த் தாளையும் வைத்துக்கொண்டு விழிப்பான். அதற்கும் மேலாக, ஒரே நேரத்தில் புதிய மொழியையும் அந்த மொழியில் வாசிப்பையும் கணக்கையும் அவன் தலையில் ஏற்றுகிறோம். வீட்டில் தமிழ் கதைக்கும் பிள்ளை முதலில் வாசிக்கப் பழக வேண்டியது தமிழில். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"ஆனால் அது அங்கீகாரம் பெற்றதாம்." இந்தச் சொல்லுக்குத்தான் உறவினர்கள் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆண்டு 1 இல் எதைப் படித்தாய் என்று பிற்காலத்தில் இலங்கையில் எவரும் கேட்கப்போவதில்லை. சாதாரண தரமும் உயர்தரமும் கேட்பார்கள். சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற வழி இருக்கிறது. லண்டன் பரீட்சை என்றால் கொழும்பில் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகவும் தோற்றலாம். இதெல்லாம் பத்து வருடத்துக்குப் பிறகு யோசிக்க வேண்டிய விடயம். சர்வதேச பாடசாலைகளையும் இணையவழிப் பாடசாலைகளையும் பற்றி இங்கே எழுதவில்லை. அவற்றின் கட்டண அட்டவணையே போதிய விபரம் சொல்லும்.

அப்படியானால் எதைப் படிப்பிப்பது? நம் அரசாங்கத்தின் தமிழ்மூலப் பாடநூல்களை. இதைச் சொன்னதும் தாயின் முகம் வாடிவிட்டது. "அதற்குப் பாடசாலைக்கே விட்டிருக்கலாமே" என்று கேட்கும் முகம். இலவசம் என்பதாலேயே மதிப்பில்லாமல் கிடக்கும் பொருள் இது. 1980 முதல் இந்த நாட்டில் பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து எவரும் அவற்றை இறக்கிக்கொள்ளலாம். 2026 கல்விச் சீர்திருத்தம் ஆண்டு 1 இலிருந்து தொடங்குவதால், இறக்கும்போது எந்த வருடத்துப் பதிப்பு என்று பார்த்து எடுங்கள். பழைய நூலும் வீட்டில் கிடந்தால் எறிய வேண்டாம். படத்துக்கும் கதைக்கும் அது போதும்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத இன்னொன்று, மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டிகள். இவையும் அதன் தளத்தில் இலவசம். பிள்ளையின் பாடநூலைவிட எனக்கு இந்த வழிகாட்டிதான் முக்கியம். பிள்ளை அடைய வேண்டிய தேர்ச்சி என்ன, அதற்கு என்ன செயற்பாடு, என்ன பொருட்கள் தேவை, பிள்ளைக்குப் பிடிபட்டதா என்று எப்படிப் பார்ப்பது எல்லாம் அதில் இருக்கும். 700 டொலர்ப் பெட்டியின் கையேடு தாய்க்குச் செய்வதும் இதே வேலைதான். நம்முடையது ஆசிரியருக்காக எழுதப்பட்டது என்பதால் நடை கொஞ்சம் வரட்சியாக இருக்கும். சில பக்கங்களில் மொழிபெயர்ப்பு வாடையும் அடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் இருபது பக்கங்களைத் தாண்டிவிட்டால் பழகிவிடும்.

1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்திலிருந்தே நம் முறையில் ஆண்டு 1, 2 ஆகிய இரண்டும் ஒரே கட்டம். அந்தக் கட்டத்தில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் பெரிய பங்கு. கொப்பியில் எழுதும் வேலைக்குச் சின்னப் பங்கு. ஆண்டு 3, 4 இல் மூன்றும் சமமாகும். ஆண்டு 5 இல் எழுத்து வேலை மேலே வரும். காகிதத்தில் இது அழகான திட்டம். நாற்பது பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கும் வகுப்பில் ஆசிரியரால் அதைச் செய்ய முடிவதில்லை, கொப்பியைத் திறக்கச் சொல்லிவிடுவார். ஒரே ஒரு பிள்ளை இருக்கும் உங்கள் வீட்டில் அதைத் திட்டமிட்டபடியே செய்யலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். பாடசாலையில் ஆண்டு 1 தொடங்கும்போது முதல் கிழமைகளில் பாடம் நடத்துவதில்லை. பிள்ளையை இனங்காணுவதற்கே நேரம் ஒதுக்குகிறார்கள். கத்தரிக்கோல் பிடிக்கிறானா, சொன்ன கதையைத் திருப்பிச் சொல்கிறானா, மற்றவரோடு சேர்ந்து விளையாடுகிறானா என்று பார்ப்பார்கள். நீங்களும் அப்படியே முதலில் பாருங்கள். எழுதி வையுங்கள். புத்தகம் பிறகு.

தமிழ் வாசிப்புக்கு, 247 எழுத்தையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி அ முதல் ஒப்பிக்க வைக்கும் வேலையே வேண்டாம். ப, ட, ம போன்று கீறுவதற்கு எளிய எழுத்துகளில் தொடங்குங்கள். மூன்றே எழுத்திலும் ஒரு புள்ளியிலும் படம், பட்டம், மடம் வந்துவிடும். ஒரு கால் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம். அன்றைக்கே பிள்ளை சொல் வாசித்துவிடுகிறான், அதுதான் அவனுக்குப் பெரிய விடயம். கு, சு, து, பு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகரத்தைக் கடைசிக்கு வையுங்கள். அதை முதல் மாதத்திலேயே திணித்துத்தான் பல பிள்ளைகளுக்குத் தமிழ் கசந்துபோகிறது.

கணக்குக்கு ஈர்க்கும் றப்பர் வளையமும் போதும். பத்து ஈர்க்கை ஒரு கட்டாகக் கட்டச் சொல்லுங்கள். பதின்மூன்று என்றால் ஒரு கட்டும் மூன்று தனி ஈர்க்கும். பிறகு அதைப் படமாகக் கீறட்டும், அதற்குப் பிறகுதான் இலக்கம். பெரிய விலைக்கு விற்கும் சிங்கப்பூர் கணித நூல்களின் உள்ளே இருப்பதும் இதே ஒழுங்குதான்: கையில் பொருள், பிறகு படம், கடைசியில் குறியீடு. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் எழுதியதை எடுத்துச் சிங்கப்பூர் 1980களில் தன் பாடநூல்களில் இறக்கியது. ஈர்க்கு நம் வீட்டு விளக்குமாற்றில் இருக்கிறது.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தைத்தான் பெற்றோர் விளையாட்டுப் பாடம் என்று ஒதுக்குகிறார்கள். வீடு, தண்ணீர், மரம், பிராணி, போக்குவரத்து என்று போகும் அதே தலைப்புகள் ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் ஆழமாகித் திரும்ப வரும். கொழும்பில் இருப்பவருக்கு இதற்குப் பெரிய செலவில்லை. வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளம், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டியிருக்கும் பொது நூலகம், தமிழ்ச் சங்க நூலகம் எல்லாம் பஸ் தூரம். பழைய புத்தகத் தூசு இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பதால் நூலகத்துக்குத் தகப்பன் போய்ப் புதிய பதிப்புகளாகப் பார்த்து எடுத்துவரட்டும்.

ஆங்கிலத்தைப் பற்றி உறவினர்கள் விட மாட்டார்கள். அரசாங்கப் பாடத்திட்டமே ஆண்டு 1 இல் ஆங்கிலத்தை வாய்ப்பேச்சாகத்தான் வைத்திருக்கிறது. பாட்டு, விளையாட்டு, "இதை எடு, அதை வை" என்ற அளவில். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். கைத்தொலைபேசி வேண்டுமென்றால் கான் அக்கடமி கிட்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது, அதுவும் நேரம் வைத்து. சிங்களத்துக்கு மேல்மாடி வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

இவ்வளவையும் பேசிக்கொண்டிருந்தபோது மகன் என் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் ஏதோ கீறிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஒரு பஸ். நெற்றியில் 101. கீழே தமிழில் "மொறட்டுவ" என்று இழுத்து எழுதியிருந்தான், அதன் மேல் சிங்கள எழுத்துப் போல ஏதோ வளையங்கள். "எந்நேரமும் இதுதான் மிஸ், பல்கனியை விட்டு வர மாட்டான்" என்று தாய் வெட்கத்தோடு தாளை இழுக்கப் பார்த்தார். நான் அவனிடம் 155 எங்கே போகும் என்று கேட்டேன். தலை நிமிராமலே "மட்டக்குளி" என்றான். 100? "பாணந்துறை."

இந்தப் பிள்ளைக்கா பாடத்திட்டம் தேடி அமெரிக்காவுக்குப் போகிறீர்கள்? நூறும் ஒன்றும் நூற்றொன்று என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். மூன்று மொழிப் பலகையைத் தினமும் தானாகவே வாசிக்கப் பார்க்கிறான். 100, 101, 102 என்று ஒழுங்குபடுத்தட்டும். 154க்கும் 155க்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லட்டும். பல்கனியிலிருந்து அரை மணி நேரத்தில் எத்தனை 101 போனது என்று கோடு போட்டு எண்ணட்டும், அதுதான் அவனுடைய முதல் வரைபு. பற்றுச்சீட்டில் உள்ள தொகையை வைத்து மிச்சக்காசு கணக்குப் பார்க்கட்டும். ஊர்ப்பெயர்களில் உள்ள எழுத்துகளைத் தமிழ் வாசிப்புக்கு எடுங்கள். தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "பாடத்தை முடித்தால்தான் பஸ் பார்க்கலாம்" என்று அதைப் பரிசாக்காதீர்கள். அவனுக்குப் பிடித்ததே பாடமாக இருக்கும்போது அதை லஞ்சமாக மாற்றினால் இரண்டும் போய்விடும்.

தகப்பன் அப்போதுதான் வாய் திறந்தார்: "அப்படியென்றால் மொத்தச் செலவு?" இணையத்திலிருந்து இறக்கியதைப் பக்கத்துக் கொமியூனிகேஷனில் கறுப்பு வெள்ளையில் அடித்து ஸ்பைரல் போடுங்கள். நிறம் தேவைப்படும் பக்கங்களை மட்டும் நிறத்தில் அடியுங்கள். கொப்பி, பென்சில், வண்ணக்கட்டி. அவ்வளவுதான். வீட்டுக்கு ரியூசன் மாஸ்டர் வைக்க வேண்டாம். காலையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தாயும் இருத்திப் படிப்பிக்க வேண்டாம். மிச்சக் காசு இன்ஹேலருக்கும் வைத்தியச் செலவுக்கும் இருக்கட்டும். ஆண்டு 5 புலமைப்பரிசிலைப் பற்றி இப்போதே பேச்செடுக்கும் உறவினரிடம் நாலு வருடம் கழித்து வரச் சொல்லுங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2016 இல்தான் 14 ஆக இருந்த மேல்வயதை 16 ஆக்கினார்கள். ஆகவே பிள்ளையை வெறுமனே நிறுத்திவிட்டு இருந்துவிடாதீர்கள். வைத்தியக் கடிதத்தின் பிரதியோடு அதிபரைச் சந்தித்து, இடாப்பில் பெயர் இருக்கட்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அவரால் முடியாது என்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். அரசாங்கப் பாடநூலையே வீட்டில் பயன்படுத்துவதில் இந்த இடத்திலும் ஒரு வசதி இருக்கிறது. நலமாகித் திரும்பும்போது வகுப்பு எங்கே நிற்கிறதோ பிள்ளையும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்பான். அமெரிக்கப் பெட்டியில் படித்தவன் மூன்றாம் தவணையில் தமிழ் வாசிக்கத் தெரியாமல் வந்து நிற்பான்.

ஒரு கோவை திறந்து வையுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று தாள்கள் போதும்: அவன் எழுதியது, கீறியது, எண்ணியது, திகதியோடு. வழிகாட்டியில் உள்ள தேர்ச்சிகளில் எது வந்தது, எது வரவில்லை என்று தாயின் கையெழுத்தில் ஒரு பக்கம். ஒக்டோபர் மாதம் வைத்தியரிடம் மறுபடி காட்டி, ஆண்டு 2 இற்கு அனுப்பலாமா என்று கேளுங்கள். அனுப்பலாம் என்றால் அந்தக் கிழமையே கோவையோடு அதிபரிடம் போங்கள். டிசம்பர் விடுமுறை தொடங்கிவிட்டால் அலுவலகத்தில் ஆளைப் பிடிக்க முடியாது.