பி900 கையில் இருக்கிறது, பி950க்கு மாறலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊர் நாங்குநேரி பக்கம். 2016-இல் மகன் வாங்கித் தந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 கேமராவைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். கூந்தன்குளத்தில் பறவை பார்க்க, பௌர்ணமிக்கு மொட்டைமாடியில் நிலா எடுக்க, பேத்தியின் பரதநாட்டிய நிகழ்ச்சிக்கு என எல்லாவற்றுக்கும் அதுதான். கொஞ்ச நாளாகத் தூரத்துப் பறவைகள் மசமசவென்று விழுகின்றன. இறகு பிரிந்து தெரிவதில்லை. பறக்கும் பறவை சிக்குவதே இல்லை. நண்பர் பி950 வாங்கச் சொல்கிறார். கடைக்காரரோ பி1000-இல் ஜூம் இன்னும் அதிகம் என்கிறார். என் லென்ஸ் பழசாகிவிட்டதா? எதை வாங்கலாம்?

பதில்: ஐயா, கேமராவுக்குப் போகும் முன் ஒன்று கேட்கிறேன். அந்த மசமசப்புப் படங்களை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? நினைவில்லை என்றாலும் பரவாயில்லை, ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் நேரம் பதிவாகியிருக்கும். பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நானும் இதே பி900-ஐ நான்கு வருடம் தூக்கிக்கொண்டு அலைந்தவன். கூந்தன்குளத்தில் ஒரு தை மாதக் காலை, ஏழு மணி இருக்கும். தண்ணீருக்கு நடுவே நின்ற மஞ்சள் மூக்கு நாரையை முழு ஜூமில் எடுத்தேன். தலையில் செம்மஞ்சள் தோல் முடிந்து வெள்ளை இறகு தொடங்கும் கோடு கத்தி வைத்துக் கீறியதுபோல் இருந்தது. டீ குடித்துவிட்டு, ஊரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு பதினொரு மணிக்கு அதே கரையில் வந்து உட்கார்ந்தேன். அதே தூரம், அதே கேமரா, கேமராவைத் தாங்க அதே மணல் பை. வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) பார்த்தால், ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் குச்சி மாதிரி நாரையின் கால் நெளிந்துகொண்டிருக்கிறது. இருபது படம் எடுத்தேன், இருபதும் மசமசதான்.

அது கானல். வெயில் ஏறியதும் கரை மண்ணும் தண்ணீரும் வெவ்வேறு வேகத்தில் சூடாகின்றன. அவற்றுக்கு மேலுள்ள காற்று சூடும் குளிருமாகக் கலந்து, ஒளியை இங்கும் அங்கும் வளைக்கிறது. வெறும் கண்ணுக்கு இது தெரியாது. 2000 மி.மீ. ஜூம் பறவையைப் பெரிதாக்கும்போது நடுவிலுள்ள காற்றின் நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. இதற்கு எந்தக் கேமராவிலும் மருந்து கிடையாது. பி1000 வாங்கினால் நெளிவு இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

லென்ஸ்மேல் சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். விடியற்காலையில், வெயில் வரும் முன், எதிர்ச் சுவரில் ஒரு செய்தித்தாளை விரித்து ஒட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவை வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 100, இரண்டு விநாடி டைமர். ட்ரைபாடில் இருக்கும்போது அதிர்வு தடுப்பை அணைத்துவிடுங்கள். முழு ஜூமில் மூன்று படம் போதும். பொடி எழுத்துகள் நான்கு மூலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்தால் லென்ஸ் நலமாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே ஏதோ இடம் மாறியிருக்கலாம். அப்படியே லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தனை மழைக்காலம் பீரோவுக்குள் கிடந்த கேமரா, வாய்ப்பு உண்டு.

சரி, இனி உங்கள் நண்பரின் யோசனை. பி900 வந்தது 2015-இல். நிலாவை நோக்கி ஜூம் செய்த காணொளிகள் இணையமெங்கும் பரவியது இந்தக் கேமராவால்தான். பி950 வந்தது 2020 தொடக்கத்தில். ஐந்து வருட இடைவெளி. ஆனால் லென்ஸ் இரண்டிலும் ஒன்றுதான்: 83 மடங்கு ஜூம், 24 முதல் 2000 மி.மீ., அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) எஃப் 2.8 முதல் 6.5 வரை, உள்ளே 12 தொகுதிகளாக 16 கண்ணாடிகள். படத்தைப் பதியும் சில்லான சென்சாரும் அதே 1/2.3 அங்குலம், அதே 16 மெகாபிக்சல். இன்றைய நல்ல கைபேசிகளின் பிரதான சென்சார் இதைவிடப் பெரியது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சென்சார் சிறிது என்பதால்தான் இவ்வளவு ஜூமை ஏறக்குறைய ஒரு கிலோவில் அடக்க முடிந்தது. 2000 மி.மீ. என்பது 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றிச் சொல்லும் எண்; லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 357 மி.மீ. மட்டுமே.

ஆகவே காலை ஏழு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ 100-இல், அசையாத நாரையை இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதன் படம் என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

பிறகு பி950-இல் என்னதான் புதுசு? எனக்கு முதலில் உறைத்தது வியூஃபைண்டர். பி900-இன் வியூஃபைண்டர் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும், 0.2 அங்குலத் திரை, 9 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். பி950-இல் 0.39 அங்குலம், 23 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. ஃபோகஸ் பறவையின் கண்ணில் இருக்கிறதா, முன்னால் உள்ள கோரைப்புல்லில் இருக்கிறதா என்று எடுக்கும்போதே தெரிந்துவிடும். பி900-இல் வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால்தான் புல் அருமையாக வந்திருப்பது தெரியும்!

அடுத்தது ரா ஃபைல், அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் படம். பி900 ஜேபெக் மட்டுமே தரும். சின்ன சென்சாரில் ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டினாலே மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும்; அதை மறைக்கக் கேமரா படத்தை ‘மெழுகி’விடும். அப்போது புள்ளியோடு சேர்ந்து இறகின் நுண்ணிய கோடுகளும் போய்விடும். மேகமூட்ட நாளில் எடுத்த உங்கள் கூழைக்கடா படங்களில் இறக்கை பிளாஸ்டிக் மாதிரி தெரிந்தால் காரணம் இதுதான். பி950-இல் ரா ஃபைலாகச் சேமித்து, கணினியில் இன்றைய புள்ளி நீக்கும் மென்பொருளில் போட்டால், போன விவரத்தில் ஒரு பகுதி நிச்சயம் திரும்பி வரும். ஆனால் ஒவ்வொரு ஃபைலும் ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெரிது. எடுத்து வந்து கணினி முன் உட்காரும் பொறுமையும் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லையென்றால், பி950-க்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை நீங்கள் தொடாத ஒரு வசதிக்குக் கொடுத்ததாகவே ஆகும்.

4கே காணொளி, வெளி மைக் செருகும் துளை, மேலே ஃபிளாஷ் மாட்டும் ஷூ, லென்ஸ் பக்கவாட்டில் கையால் ஃபோகஸ் செய்ய ஒரு சக்கரம் எல்லாம் புதிதாக உண்டு. காணொளி எடுப்பவர்களுக்குப் பிடிக்கும். நீங்கள் கடிதத்தில் காணொளி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இழப்பதும் உண்டு, அதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். பி900-க்கு உள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறது. எந்தக் குளத்தில் எடுத்தோம் என்பது படத்திலேயே பதிவாகும். பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. பி950-இல் அதை எடுத்துவிட்டார்கள். கைபேசியோடு இணைத்துத்தான் இடத்தைப் பதிய வேண்டும். பேட்டரியும் மாறிவிட்டது. ஒரு சார்ஜில் பி900 சுமார் 360 படம் தரும், பி950 சுமார் 290. உங்களிடமுள்ள கூடுதல் பேட்டரி புதியதில் பொருந்தாது. எடையும் 899 கிராமிலிருந்து 1005 கிராமாக ஏறிவிட்டது.

பி1000 பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். நூறு மீட்டர் தூரத்தில் பி900-இன் முழு ஜூம் சட்டகத்துக்குள் அடங்கும் இடம் ஏறக்குறைய 1.7 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம். மஞ்சள் மூக்கு நாரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதாவது சட்டகம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. பி1000-இன் 3000 மி.மீ.யில் உயரம் சுமார் 85 செ.மீ.தான், நாரைக்குத் தலை வேண்டுமா கால் வேண்டுமா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். நிலாவும் அப்படித்தான். பி900-இல் முழு நிலா சட்டக உயரத்தில் பத்தில் ஏழு பங்கை அடைக்கும். பி1000-இல் விளிம்பு வெட்டுப்படும். இதற்காக 1415 கிராமைத் தோளில் மாட்டிக்கொண்டு குளக்கரையில் நடக்க வேண்டுமா? தூரத்துக் கப்பல், மலை உச்சிக் கோயில் என்று எடுப்பவர்களுக்கு அது பொம்மைக்கடை. உங்களுக்கு வேண்டாம். 2025-இல் வந்த பி1100-உம் அநேகமாக அதே கேமராதான்; யூஎஸ்பி-சி வந்திருக்கிறது.

நிலா என்றதும் ஒன்று. இரவுதானே என்று தானியங்கி அமைப்பில் விட்டுவிடாதீர்கள். நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. எம் (எல்லாவற்றையும் நாமே வைக்கும்) அமைப்பில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 6.5, ஷட்டர் 1/200 பக்கம் தொடங்கிப் பாருங்கள். பௌர்ணமியைவிட அஷ்டமிக்கு முன்பின் நாட்களில் பள்ளங்களின் நிழல் விழுந்து படம் பேசும். முழு ஜூமில் நாலு நிமிடத்துக்குள் நிலா சட்டகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நழுவிவிடும் என்பதால், ட்ரைபாடில் வைத்துவிட்டுப் பேத்தியைக் கூப்பிடப் போகாதீர்கள்.

பறக்கும் பறவைக்கு வருகிறேன். இங்கே பி950-உம் உங்களைக் காப்பாற்றாது. இரண்டுமே ஃபோகஸை முன்னும் பின்னும் தேடித் தேடிப் பிடிக்கும் வகை. அதற்குள் பூநாரைக் கூட்டம் அடுத்த கரைக்குப் போயிருக்கும். லென்ஸ் ஓரத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்திப் பிடித்தால் ஜூம் கொஞ்சம் பின்வாங்கி, பறவையைத் தேடிக்கொள்ள விடும். விட்டால் பழைய இடத்துக்குப் போகும். பலர் வருடக்கணக்கில் அதைத் தொட்டதே இல்லை. முழு ஜூமை மறந்துவிட்டு 500, 600 மி.மீ.யில் வைத்துப் பழகுங்கள், நான்கில் ஒன்றாவது சிக்கும். பறக்கும் பறவைதான் லட்சியம், பணமும் பிரச்சினை இல்லை என்றால், 2017-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பைப் பாருங்கள். ஜூம் 600 மி.மீ.யோடு முடிந்துவிடும். ஆனால் சென்சார் பரப்பு உங்களுடையதைப்போல் நான்கு மடங்கு, ஃபோகஸ் பிடிக்கும் முறையும் வேறு. விலையைக் கேட்டால் ஒரு நிமிடம் உட்காரத் தோன்றும்.

பரதநாட்டியத்துக்கு எந்தச் சூப்பர்ஜூமும் சரியான கருவி இல்லை. முழு ஜூமில் உள்ளே வரும் வெளிச்சம், ஜூம் செய்யாதபோது வருவதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அரங்க விளக்கில் அது போதாது. பின்வரிசையிலிருந்து ஜூம் செய்வதை விட்டு, தாத்தா என்ற உரிமையில் முதல் வரிசையில் இடம்பிடியுங்கள். ஜூம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல படம்.

அதே யோசனைதான் கூந்தன்குளத்துக்கும். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரை கூடு கட்டும் ஊர் அது. தெருவில் நின்று 300 மி.மீ.யில் எடுத்தாலே கூட்டிலுள்ள குஞ்சின் அலகு தெரியும். நடுவில் கானலும் இல்லை. பெரிய ஜூமைத் தண்ணீருக்கு நடுவே நிற்கும் பூநாரைக்கும் வரித்தலை வாத்துக்கும், அதுவும் எட்டரை மணிக்குள், வைத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு: செய்தித்தாள் சோதனையில் லென்ஸ் தேறினால் பி900-ஐ மாற்றாதீர்கள். தேறாவிட்டால், அல்லது வியூஃபைண்டர் கண்ணுக்குச் சிரமமாகி ரா ஃபைலையும் பழகிக்கொள்ளத் தயார் என்றால், பி950 வாங்குங்கள். பழைய கேமராவைக் கடையில் கொடுத்து மாற்றினால் கிடைப்பது சொற்பம், பேத்தியிடம் கொடுத்துவிடுங்கள். எப்படியானாலும் பேட்டரியை இன்றைக்கே வெளியே எடுத்து மேசைமேல் படுக்கவைத்துப் பாருங்கள். ஆடாமல் தட்டையாகக் கிடந்தால் சரி. உப்பி, ராட்டினம்போல் சுழன்றால் அதை மறுபடி கேமராவுக்குள் திணிக்க வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.