சுகமானேன் என்று சாட்சி சொல்லச் சொல்கிறார்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். தக்கலை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். வயது 47. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன்.

லெந்து நாட்களில் எங்கள் ஊரில் உபவாசக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "மகளே, சுகம் கிடைத்துவிட்டது. இனி மாத்திரையைத் தொட்டால் அது அவிசுவாசம்" என்றார். கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளை, அதாவது வைத்தியர்களை, தேடி மரித்துப்போன ஆசா ராஜாவைப் பற்றியும் பிரசங்கித்தார். 22 நாள் மாத்திரையை விட்டேன். தலைசுற்றல் வந்தது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. மகள் அழுது சண்டை போட்டு மறுபடியும் போட வைத்தாள். இப்போது சர்க்கரை இறங்கியிருக்கிறது.

ஆனால் தினமும் காலையில் மாத்திரையை வாயில் போடும்போது, "ஆண்டவரே, உம்மை நான் நம்பவில்லை" என்று சொல்வதுபோல இருக்கிறது. அடுத்த மாதம் பெண்கள் ஐக்கியத்தில் சுகமான சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன சொல்வது? நான் விசுவாசிதானா? உடம்பைப் பற்றி இவ்வளவு யோசிப்பதே மாம்சத்தைப் பேணுவதுதானோ என்றும் தோன்றுகிறது.

இடது பாதத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் வந்து உடைந்து, மூன்று வாரமாக ஆறவில்லை. வலி இல்லாததால் யாரிடமும் காட்டவில்லை.

ஒரு சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த இரவே நான் அனுப்பிய இரண்டு வரி பதிலைப் பார்த்து, மறுநாளே டாக்டரிடம் காலைக் காட்டினீர்கள். புண் ஆழமாகப் போகவில்லை, தினமும் மருந்து வைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. மற்றதை இங்கே பொதுவில் எழுதச் சம்மதித்ததற்கு நன்றி. இதே கேள்வியோடு இருக்கிறவர்கள் நிறையப் பேர்.

"வலி இல்லாததால் காட்டவில்லை" என்ற உங்கள் வரி என்னை உலுக்கிவிட்டது. என் அப்பா உபதேசியார், சிற்றூர்ச் சபைகளில் போதிக்கிற ஊழியர். தேரிக்காட்டு ஓரமாக மூன்று சிற்றூர்களுக்கு நடந்தே போய் ஊழியம் செய்தவர். சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் உடைமுள் ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. நாலு நாள் அந்த முள்ளோடு நடந்திருக்கிறார். வீட்டில் வாடை வந்து அம்மா காலைத் தூக்கிப் பார்த்தபோது, "வலிக்கவே இல்லையே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

விரல் போனதை அவர் தாங்கிக்கொண்டார். பார்க்க வந்த பெரியவர்கள் சிலர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் மற்றவர்களுக்கு விசுவாசத்தைப் போதித்தவர், ராத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசுவே பதில் சொல்லிவிட்டார். அந்த வசனத்தை அப்பா எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு அதை அவருக்கு வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஆசா ராஜா. 2 நாளாகமம் 16ஆம் அதிகாரத்தை முழுவதுமாக ஒருமுறை வாசியுங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள்மேல் எறிகிற கல்லாகவே கடைசியில் வரும் அந்த ஒரு வசனத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆசாவுக்கும் காலில்தான் வியாதி, உங்களைப் போல, என் அப்பாவைப் போல. ஆனால் அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால் என்ன நடக்கிறது? யுத்த பயம் வந்தவுடன் ஆலயத்திலிருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து சீரியா ராஜாவுக்கு அனுப்பித் துணை தேடுகிறான். கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் வைக்கிறான். ஜனங்களில் சிலரையும் நெருக்குகிறான். கர்த்தரை அடியோடு விட்டுவிட்ட ஒரு மனிதனின் கதை அது. "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்" என்பதில் "வியாதியிலும்" என்று ஓர் உம் இருக்கிறது, பாருங்கள். யுத்தத்தில் எப்படியோ அப்படியே வியாதியிலும் என்று அர்த்தம். நீங்கள் கர்த்தரை எங்கே விட்டீர்கள்? மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

ஆசாவைப் பிரசங்கிக்கிறவர்கள் எசேக்கியாவையும் பிரசங்கிக்க வேண்டும். எசேக்கியா ராஜா மரிக்கும் தறுவாயில் இருக்கிறான். அழுது ஜெபிக்கிறான். "உன்னைக் குணமாக்குவேன்" என்று கர்த்தரே வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசி அடுத்தபடியாக என்ன சொல்கிறார்? "அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள்." அதைப் பிளவை என்கிற சீழ்க்கட்டியின்மேல் பற்றுப் போட்டார்கள், அவன் பிழைத்தான். பிளவை என்ற சொல் நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகளுக்கு நன்றாகவே தெரியும். வாக்கு கொடுத்த அதே வாய்தான் பற்றுப் போடவும் சொன்னது. "வாக்கு கிடைத்துவிட்டது, இனி அத்திப்பழத்தைத் தொட்டால் அவிசுவாசம்" என்று ஏசாயா சொல்லவில்லை.

அப்புறம் பவுல். அவர் கையால் வியாதியஸ்தர் சுகமானதை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்கிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். தன் மாம்சத்தில் முள்ளைப்போல் வருத்திய பாடு ஒன்றை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கேட்டும் அது போகவில்லை, கிருபைதான் கிடைத்தது. துரோப்பீமுவின் விசுவாசம் குறைவு என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

நான் ஜெபத்தினால் சுகம் கிடைக்கும் என்று நம்புகிறவன். யாக்கோபு சொல்கிறபடி மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். தயங்கவே வேண்டாம். சுகம் கிடைத்திருந்தால் அது பரிசோதனையிலும் தெரியும். குஷ்டரோகி சுகமானபோது இயேசு, "நீ போய் உன்னை ஆசாரியனுக்குக் காண்பி" என்றுதானே அனுப்பினார். மாத்திரையைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதை டாக்டர் ரத்தத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மேடையிலிருந்து ஒருவர் சொல்லி அதை நிறுத்துவது ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிப்பதற்குச் சமம். தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று வசனத்தைக் காட்டித்தான் பிசாசும் இயேசுவைக் குதிக்கச் சொன்னான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று சொல்லிவிட்டு அவர் குதிக்காமல் நின்றாரே, அதற்குப் பெயர் அவிசுவாசமா?

உடம்பைப் பேணுவது மாம்சமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கலாத்தியர் 5இல் மாம்சத்தின் கிரியைகள் என்று பவுல் போடுகிற பட்டியலில் பகை, விரோதம், கோபம், சண்டை, பொறாமை எல்லாம் இருக்கின்றன. காலுக்கு மருந்து கட்டுவது இல்லை. எபேசியர் 5இல் அதே மாம்சம் என்ற சொல்லை வைத்தே, தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லை, கர்த்தர் சபையைப் போஷித்துக் காப்பாற்றுகிறதுபோல ஒவ்வொருவனும் அதைப் போஷித்துக் காப்பாற்றுகிறான் என்கிறார். யவீருவின் மகள் உயிரோடு எழுந்தபோது சுற்றியிருந்தவர்கள் பிரமித்து நிற்கிறார்கள். இயேசுவுக்கு மட்டும் அந்தப் பிள்ளைக்குப் பசிக்கும் என்று தோன்றியிருக்கிறது. சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். எனக்கு அந்த அற்புதத்தைவிட இந்தச் சின்ன வார்த்தைதான் அதிகம் பிடிக்கும்.

அதிலும் நீங்கள் தக்கலைக்காரர். உடம்புக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்று வேறு யார் நினைத்தாலும் உங்கள் ஊர்க்காரர்கள் நினைக்க முடியாது. 1822இல் கல்குளம், இரணியல் பக்கத்தில் கிறிஸ்தவளான நாடார் பெண் மார்பை மூடிக் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டாள் என்பதற்காகச் சந்தையில் அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மகாராஜா மார்பை மறைக்க அனுமதித்து உத்தரவு போடும்வரை தோள்சீலைப் போராட்டம் விட்டுவிட்டுத் தொடர்ந்தது. ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பாட்டிமார், "ஆத்துமா இரட்சிக்கப்பட்டாயிற்று, உடம்பு எப்படியும் போகட்டும்" என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தேவனுடைய பிள்ளை என்ற பெயர் தங்கள் தோளுக்கும் மார்புக்கும் சேர்த்துத்தான் என்று நம்பினார்கள். அடி வாங்கியும் அதை விடவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நெய்யூர். லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் 1838இல் டாக்டர் ராம்சேயை அங்கே அனுப்பியது. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் 1922 பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், அந்த ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்கவிருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். கத்தியும் மருந்தும்தான் அவர் செய்த ஊழியம்.

உங்கள் காலுக்கு இன்னும் நெருக்கமான ஒருவரைச் சொல்ல வேண்டும். பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு டாக்டராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று அப்போது பொதுவாக நம்பினார்கள். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு புண்ணும் எங்கிருந்து வந்தது என்று தேடினார். சூடான பாத்திரத்தைத் தொட்டதால், ஆணியை மிதித்ததால், பொருந்தாத செருப்பு உரசியதால். நரம்பு உணர்விழந்துபோனதால் வலி தெரியவில்லை, தெரியாததால் அதே இடத்தில் மறுபடி மறுபடி அடி. வலி கடவுளின் கொடை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதத்தைக் காப்பாற்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்புகளை வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் செய்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு அதுதான். பிராண்ட் பிற்பாடு அமெரிக்காவில் வேலை செய்தபோது சர்க்கரை நோயாளிகளின் கால்களிலும் இதே கதையைத்தான் கண்டார். சர்க்கரையும் அதே மாதிரி நரம்பைக் கெடுக்கிறது. ஆகவே வலி இல்லாத புண்ணுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். ஆலய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மத்தியான வெயிலில் மணலில் நடக்காதீர்கள். உணர்வில்லாத பாதம் வெந்தாலும் தெரியாது. போதகரிடம் சொல்லிவிட்டுச் சுத்தமான ஒரு செருப்பை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். முட்செடிக்கு முன்னால் மோசேயைப் பாதரட்சையைக் கழற்றச் சொன்ன தேவனுக்கு உங்கள் பாதத்தின் நிலைமை தெரியும். உபவாசமும் அப்படியே. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழலாம். டாக்டரைக் கேட்காமல் உபவாசம் வேண்டாம்.

சரி, நான் விசுவாசிதானா என்ற கேள்வி. யோர்தானில் இயேசு கரையேறியபோது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்தது. அதுவரை மத்தேயுவில் அவர் ஒரு அற்புதமும் செய்யவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. முதலில் பிரியம், பிறகுதான் மற்றதெல்லாம். உங்களுக்கும் ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். அன்றைக்கு உங்கள் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. இன்று அது ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பெயரை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது, கூட்டத்துக்கு வந்த பிரசங்கியாரும் முடியாது. காலையில் மாத்திரையைப் போடும்போது, சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வீர்களே, அதே ஸ்தோத்திரத்தைச் சொல்லிப் போடுங்கள். சோற்றைக் கொடுத்தவர்தான் இதையும் கொடுத்தார்.

அப்பாவுக்கு விரல் எடுத்த பிறகு, அவர் இருந்த கடைசி நாள்வரை, தினமும் இரவு ஜெபம் முடிந்ததும் அம்மா ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவருவார். சூடு சரியா என்று தன் முழங்கையை வைத்துப் பார்ப்பார். அப்பாவின் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, இடுக்கில் படாமல் தேங்காயெண்ணெய் தடவி, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதம் முழுவதும் பார்ப்பார். முதல் நாட்களில் அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தது. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்ற பேதுருவைப் போல இழுத்துக்கொள்வார். பிறகு பழகிவிட்டார். பெரிய வியாழன் ஆராதனையில் யோவான் 13 வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேசின்தான் கண்ணில் வரும்.

சாட்சிக்கு வருகிறேன். சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நடந்ததைச் சொல்லுங்கள். மாத்திரையை விட்டது, தலைசுற்றியது, மகள் அழுதது, புண் வந்தது, வலிக்காததால் மறைத்தது, டாக்டர் பார்த்தது, ஒவ்வொரு காலையும் குற்ற உணர்ச்சியோடு ஜெபித்தது. ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். சிலர் முகம் சுளிப்பார்கள். பின்வரிசையில் யாராவது ஒருத்தி, நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, ரகசியமாக நிறுத்திய மாத்திரையை அன்று இரவே எடுப்பாள். அந்த ஒருத்திக்காகச் சொல்லுங்கள்.

முடிந்தவுடன், சர்க்கரை இருக்கிறவர்களை மட்டும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி, பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். உள்ளங்காலைத் தானாகக் குனிந்து பார்ப்பது கஷ்டம். ஒரு கைக்கண்ணாடியை வேதப் புத்தகத்தோடு பையில் வைத்துக்கொண்டு போங்கள்.