தன்னுருவப் படம்: மூக்கு பெரிதாவதும் நிறம் சாம்பலாவதும் ஏன்?

கேள்வி: கைப்பேசியில் எடுத்த செல்ஃபியைப் பார்த்து என் முகத்தைப் பென்சிலில் வரைகிறேன். கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியே நன்றாக வருகின்றன. ஆனால் மூக்கு பெரிதாகி, மொத்தத்தில் வேறு யாரோ போல இருக்கிறது. அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டினால் என் பழுப்பு நிற முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: இரண்டு குறைகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு என்பதால் தனித்தனியே பார்ப்போம். மூக்கு பெரிதாவதற்கு உங்கள் கையைக் குறை சொல்ல முடியாது; நீங்கள் பார்த்து வரையும் படத்திலேயே அது பெரிதாகத்தான் இருக்கிறது. முகத்துக்கு மிக அருகில் கேமராவைப் பிடிக்கும்போது, லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு பெருத்தும், பின்னால் தள்ளியிருக்கும் காதுகள் சிறுத்தும் பதிவாகின்றன. 2018இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான கணக்கின்படி, 5 அடி தொலைவில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. அதை எவ்வளவு நேர்மையாக நகலெடுத்தாலும் உங்களைத் தெரிந்தவர்கள் பார்க்கும் முகம் கிடைக்காது. புகைப்படம்தான் வேண்டும் என்றால், கைப்பேசியை 5 அடி தள்ளி நிறுத்தி, டைமர் வைத்து எடுத்து, பிறகு தேவையான பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணாடியைப் பார்த்து வரைவதையே நான் வலியுறுத்துவேன்.

கண்ணாடியில் அதிகம் பேர் கவனிக்காத ஓர் ஒழுங்கு உண்டு. நீங்கள் எவ்வளவு தள்ளி அமர்ந்தாலும், கண்ணாடியின் பரப்பில் உங்கள் முகம் அடைத்துக்கொள்ளும் இடம் உண்மை அளவில் சரிபாதிதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிம்பத்தின் உச்சந்தலையையும் மோவாயையும் சோப்புத் துண்டால் கண்ணாடிமேல் குறித்து அளந்து பாருங்கள். தலையின் உயரம் 22 செ.மீ. என்றால் குறிகளுக்கு இடையே 11 செ.மீ. இருக்கும். ஆகவே முதல் படங்களை இந்தப் பாதி அளவிலேயே வரைந்தால், கண்ணாடிமேல் எடுத்த அளவை எந்தக் கணக்கும் போடாமல் அப்படியே தாளுக்குக் கொண்டுவரலாம். தொலைவு இரட்டிப்பாவது இன்னொரு நன்மை: கண்ணாடியிலிருந்து இரண்டரை அடி தள்ளி அமர்ந்தால் பிம்பம் 5 அடி தொலைவில் நிற்கிறது, செல்ஃபியில் பட்ட சிக்கல் இங்கே எழுவதில்லை.

கண்ணாடியைக் கண் மட்டத்தில், வரைபலகையை ஒட்டினாற்போல் வையுங்கள்; கழுத்தைத் திருப்பாமல் பார்வையை மட்டும் நகர்த்தி இரண்டையும் பார்க்க முடிய வேண்டும். ஒவ்வொரு முறையும் தலை பழைய இடத்துக்கே திரும்புவதற்கு, மூக்கு நுனி தெரியும் இடத்தில் கண்ணாடிமேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தால் போதும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து வரட்டும். வலக்கையால் வரைபவருக்கு இடப்பக்கச் சன்னல் வசதி, கையின் நிழல் தாளில் விழாது. ஓவியர்கள் வடக்குச் சன்னலை விரும்புவது அங்கே நேர்வெயில் வராது என்பதால்தான். எனினும் தமிழ்நாட்டில் சித்திரை நடுவிலிருந்து ஆடி வரை சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் அந்தச் சன்னலிலும் வெயில் நுழையும், அந்த மாதங்களில் மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி வரைதல். உறுப்புகள் தனித்தனியே நன்றாக இருக்கின்றன என்று நீங்களே சொல்வதிலிருந்து, ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறீர்கள் என்று தெரிகிறது. முகச்சாயல் பெரிதும் இடைவெளிகளில்தான் அமைகிறது: கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே எவ்வளவு இடம், மூக்கின் அடியிலிருந்து மேலுதடு எவ்வளவு தூரம், மோவாய் எவ்வளவு நீளம் என்பவை சரியாக இருந்தால், கண்ணிமைகள் வரையப்படாத படத்திலும் ஆளை அடையாளம் காணலாம். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுப்பாதியில் கண்கள் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலையில் ஏறக்குறைய எல்லோரும் கண்களை மேலே ஏற்றி, நெற்றியையும் மண்டையையும் சுருக்கிவிடுகிறார்கள். தலையின் புறவடிவத்தை முதலில் வைத்து, கண்களைச் சுருக்கிப் பார்த்து, நிழல் விழும் பகுதிகள் அனைத்தையும் ஒரே அடர்த்தியில் நிரப்புங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் இளமையில், 1628 வாக்கில் தீட்டிய சிறிய தன்னுருவப் படம் இருக்கிறது. அதில் அவருடைய கண்கள் நிழலில் மூழ்கியிருக்கின்றன; வெளிச்சம் கழுத்தையும் கன்னத்தின் ஒரு பகுதியையும் மட்டுமே தொடுகிறது. அப்படியிருந்தும் ஒரு குறிப்பிட்ட மனிதர் நம்முன் நிற்கிறார். அந்தப் படத்தை இணையத்தில் பெரிதாக்கி, நிழலின் எல்லைகளை மட்டும் ஒரு தாளில் வரைந்து பார்ப்பது சிறந்த பயிற்சி.

கண்ணாடியில் இடவலம் மாறும் என்பதையும் எதிர்பாருங்கள். வான்கோ வெட்டிக்கொண்டது இடக்காது. 1889இல் தீட்டிய படங்களில் கட்டு வலக்காதில் இருப்பதுபோல் தெரிவதற்குக் கண்ணாடியே காரணம். உங்களுக்குப் பொருத்தமாகப்படும் படம் வீட்டாருக்கு ஏதோ இடறினால், படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்து அவர்களுக்குக் காட்டுங்கள்.

நிறத்துக்கு வருவோம். சாம்பல் படிவது, வெளிச்சத்துக்கு வெள்ளையையும் நிழலுக்குக் கறுப்பையும் பழுப்பில் நேரடியாகக் கலப்பதால். டைட்டானியம் வெள்ளை குளிர்ச்சியான, அடர்த்தியான நிறம். பழுப்பில் அது கூடக்கூடச் சுண்ணாம்புச் சாயல் ஏறும். முகம் தீட்டுவதற்கான வழிகாட்டிகளில் பல, வெளிர்ந்த சருமத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால் இந்தச் சிக்கலை அவை அதிகம் பேசுவதில்லை. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை அடிப்படையாக வைத்து, வெளிச்சப் பகுதிக்கு முதலில் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளைச் சேருங்கள், அதற்குப் பிறகும் போதாவிட்டால் மட்டும் துளி வெள்ளை. நிழலுக்குப் பர்ன்ட் சியன்னாவோடு அல்ட்ராமரின் நீலம்; இரண்டும் சேர்ந்து ஆழமான, உயிருள்ள கருமையைத் தரும். நம் சருமத்தில், குறிப்பாக நெற்றியிலும் மூக்கு நுனியிலும், பளபளக்கும் சிறு புள்ளிகள் மேனியின் நிறத்தை விட்டுவிட்டுச் சன்னலின் நிறத்தையே ஏற்கின்றன; வானம் தெரியும் சன்னல் என்றால் அவை மெல்லிய நீலமாக இருக்கும். அவற்றை இறுதியில், மிகக் குறைவாக வையுங்கள். அம்ரிதா ஷேர்கில் தென்னிந்தியப் பயணத்துக்குப் பின் 1937இல் தீட்டிய 'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தை உற்றுப் பாருங்கள். வெள்ளை வேட்டிகளுக்கு அருகே பழுப்பு மேனிகள் எத்தனை வகையாக, சாம்பல் படியாமல் ஒளிர்கின்றன என்பது விளங்கும்.

தொடங்கும் முன் கான்வாஸ் முழுவதும் நீர்த்த பர்ன்ட் சியன்னாவைப் பூசி உலரவிடுங்கள்; வெள்ளைப் பரப்பின்மீது நடுத்தரப் பழுப்பு மிகக் கறுப்பாகத் தோன்றும், அந்த மயக்கத்தில்தான் கை வெள்ளையை நோக்கிப் போகிறது. அக்ரிலிக் உலரும்போது சற்றுக் கறுத்துவிடும் என்பதால், ஒவ்வொரு கலவையையும் ஒரு துண்டுத் தாளில் தடவி, உலர்ந்த பிறகு கன்னத்தருகே பிடித்துக் கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முகத்தில் வையுங்கள்.