காணாமல் போன தேதிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1582இல் அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 என்று படித்தேன். இது உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் மட்டும். ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி ஓராண்டுக்கு 365¼ நாள் என்று வைத்திருந்தது. உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. இந்த 11 நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 128 ஆண்டுக்கு ஒரு நாளாகி, மார்ச் 21ஐ ஒட்டி வரவேண்டிய சம பகலிரவு நாள் மார்ச் 11க்கு நகர்ந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளை அதைக் கொண்டே கணிப்பார்கள் என்பதால், போப் 13ஆம் கிரிகோரி பத்துத் தேதிகளை நீக்க ஆணையிட்டார். 4ஆம் தேதி வியாழன், அடுத்து வந்த 15ஆம் தேதி வெள்ளி. கிழமை வரிசை அறுபடவே இல்லை. ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் புனித தெரசா காலமானது சரியாக அந்த இரவில். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15ஆம் தேதிதான் கொண்டாடப்படுகிறது.

கேள்வி: இங்கிலாந்தில் 11 நாட்களைத் திருப்பிக் கேட்டு மக்கள் கலவரம் செய்தார்களாமே?

பதில்: அதற்குத் தக்க சான்று இல்லை. புதிய நாட்காட்டிக்கு மாறும் சட்டத்தின்படி 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14 ஆனது மெய். 1700ஐப் பழைய நாட்காட்டி லீப் ஆண்டாகக் கொண்டதும் புதியது கொள்ளாததும்தான் பத்து நாள் வேறுபாடு பதினொன்றானதற்குக் காரணம். கலவரக் கதைக்கு வித்திட்டது, தேர்தல் விருந்தொன்றைக் கேலி செய்து ஹோகார்த் 1755இல் வரைந்த ஓவியத்தில் தென்படும், அந்த 11 நாட்களைக் கேட்கும் ஒரு பதாகை. எனக்கு அதைவிட வியப்பளிப்பது 1751ஆம் ஆண்டுதான்: மார்ச் 25இல் பிறந்துவந்த புத்தாண்டை அதே சட்டம் ஜனவரி 1க்கு மாற்றியதால், அந்த ஆண்டு 282 நாட்களிலேயே முடிந்துபோனது.

கேள்வி: நம் ஊரில் இதன் சுவடு உண்டா?

பதில்: உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னைக் கோட்டை சரணடைந்த நாள், ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் 1582லேயே மாறிவிட்டதால், அவர்கள் கணக்கில் செப்டம்பர் 21. ஒரே நாளில், ஒரே கோட்டையில், தோற்றவனுக்கு ஒரு தேதி, வென்றவனுக்கு வேறொரு தேதி! இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிட்டுப் படிப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறினால் நிகழ்ச்சிகளின் வரிசையே தலைகீழாகிவிடும்.

கேள்வி: பிப்ரவரி 30 என்ற தேதி எப்போதாவது இருந்ததா?

பதில்: சுவீடனில் 1712இல் இருந்தது. ஒரேயடியாகத் தேதிகளை நீக்காமல், 1700 முதல் 40 ஆண்டுகளுக்கு லீப் நாட்களை மட்டும் விட்டுவிடலாம் என்று அவர்கள் திட்டமிட்டார்கள். 1700இல் அப்படியே செய்தார்கள். பிறகு போர் மூண்டதில் 1704, 1708 ஆண்டுகளில் லீப் நாள் வழக்கம்போல் வந்துவிட, சுவீடன் தேதி பழைய நாட்காட்டியோடும் ஒட்டாமல் புதியதோடும் ஒட்டாமல் தனித்து நின்றது. பழையதற்கே திரும்புவதென்று மன்னர் 12ஆம் சார்லஸ் முடிவெடுத்ததால், கூடுதலாக ஒரு நாளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1753இல்தான் பிப்ரவரி 17ஐ அடுத்து மார்ச் 1 என்று வைத்து, மற்ற நாடுகளைப் போல ஒரே நாளில் மாறினார்கள்.